பிரேக் சாரின் இடுப்பு

இடது கை பேன்ட்டின் பின்பக்கத்தை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் பாதி பிளேடு. நடுத் தையலில் நாலைந்து கண்ணுக்கு ஒரு கண் என்று அறுத்துக்கொண்டே இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு சாண் கீழே வந்ததும், பிளேடை ஓரமாக வைத்துவிட்டு நூலின் முனையைச் சுண்டி இழுத்தாள். தையல் மொத்தமும் கையோடு வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த நூல் துணுக்குகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் காட்டிக் கொடுத்துவிடும். பழைய தையல் தடத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து, மூச்சு விடாமல் அழுத்தி எடுத்தாள். பிறகு சாக் கட்டியால் அந்தத் தடத்துக்கு வெளியே, ஒரு நூல் தள்ளி, புதிதாக ஒரு கோடு.

ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். இரண்டு பக்கத் துணியிலும் தள்ளினால் இடுப்பில் இரண்டு நூல் கூடும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. போட்டுக்கொள்கிறவர் வயிற்றுக்கு மட்டும் தெரியும்.

பேன்ட் அவளுடைய கணவருடையது. அவர் உள்ளறையில் மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டைச் சத்தத்துக்குள் மிஷின் சத்தம் அடங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

தெருவில் அவளை அளவக்கா என்பார்கள். வாசலைப் பார்த்த முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆள் உயரக் கண்ணாடி, அளவெடுக்கும் மூலைக்கு ஒரு திரை. உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோளையும் இடுப்பையும் பார்த்துவிடுவாள். "எப்படியிருக்கீங்க அக்கா?" என்று கேட்டால், "நான் இருக்கிறது இருக்கட்டும், நீ ஒரு அங்குலம் ஏறியிருக்கியே" என்பாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டேப் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு அங்குலம் அங்கேதான் இருக்கும்.

தையலை அவள் யாரிடமும் போய்க் கற்கவில்லை. கல்யாணமான புதிதில், நன்றாக உட்காரும் ஒரு சட்டையை ஒரு தையல் விடாமல் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்து, திரும்பத் தைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அது கணவரின் சட்டை. அவரிடம் கேட்டுவிட்டுப் பிரிக்கவில்லை. அந்தப் பழக்கம் அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்குத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுவாள். ரெடிமேட் உடையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே விரல் நகம் அகலத்துக்குக்கூடத் துணி இருக்காது. "மனுஷ உடம்பு என்ன மரக்கட்டையா, வெட்டினபடியே இருக்க?" என்பாள். கூடினால் பிரித்து விடலாம், குறைந்தால் பிடித்துத் தைக்கலாம். பிரிப்பதும் பிடிப்பதும்தான் கடையின் பாதி வருமானம்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மத்தியானத் தூக்கம் போக, காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் உத்தியோகம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவரை பிரேக் சார் என்றார்கள், பிறகு தெருவே அப்படிச் சொன்னது. பிரேக் காரில் மட்டும்தான். சாப்பாட்டில் கிடையாது, பேச்சிலும் கிடையாது. உட்கார்ந்தே செய்கிற வேலை, ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவில் ஒரு டீ, டீக்குத் துணையாகப் பொரித்தது ஏதாவது. உடம்பு பக்கவாட்டில் வளர்ந்தது.

அவர் பெல்ட் போடுவதில்லை. "தையக்காரி புருஷன் பெல்ட் போட்டா என்ன அர்த்தம்? அவளுக்கு அளவு தெரியலைன்னு அர்த்தம்" என்பார். அளவக்காவுக்கு இதில் உள்ளூரப் பெருமைதான். பெல்ட் இல்லாததால் அவருடைய இடுப்புக்கு அவளுடைய தையல் ஒன்றே சாட்சி. அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது இதய டாக்டரம்மா. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போன இடத்தில், எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்க இதயம் நல்ல இதயம்தான். ஆனா ஒரு ஆளுக்குச் செய்யவேண்டிய வேலையை அது இப்போ ஒன்றரை ஆளுக்குச் செய்யுது. எத்தனை நாள் செய்யும்? இந்த அழுத்த மாத்திரையை தினமும் காலையில போடணும். நீங்களா நிறுத்தவே கூடாது. சாப்பாட்டைக் குறைக்கணும். நடக்கணும்."

பிரேக் சார் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை, நடையைப் பற்றியும் கேட்கவில்லை. "என் பொண்ணு சியா விதைன்னு ஒண்ணு அனுப்பியிருக்கா. இதயத்துக்கு நல்லதாமே?"

"நல்லதுதான். நார்ச்சத்து இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு, வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். அழுத்தத்துக்கும் எடைக்கும் கொஞ்சம் உதவலாம். கொஞ்சம்தான். நல்லா ஊற வச்சுச் சாப்பிடுங்க. வேற எதையாவது எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைங்க, இருக்கிறதுக்கு மேல சேர்க்காதீங்க. முக்கியமா, இது மாத்திரைக்கு மாற்று கிடையாது."

இத்தனையில் பிரேக் சார் காதில் விழுந்தது "நல்லதுதான்" என்ற ஒரு சொல். மற்றதெல்லாம் அளவக்காவின் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அவர். தண்ணீரில் சாம்பல் நிறப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வழவழவென்று ஒரு கண்ணாடி உறை.

"ஏய், இது தவளை முட்டை மாதிரி இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டுக் குடிங்க."

"உள்ள போய்ப் பொரிச்சிட்டா?"

"வயித்துக்குள்ள இருக்கிற கூட்டத்துல தவளைக்கு ஏது இடம்? குடிங்க."

குடித்தார். நடக்கவும் போனார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கொஞ்ச நாள் போனது. எதுவும் குறைந்த மாதிரி அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் செருப்பை மாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நடந்தும் அதே இடுப்பு, நடக்காட்டியும் அதே இடுப்பு. எதுக்கு நடக்கணும்?" மகள் போனில் கெஞ்சினாள். "அப்பா, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கீங்க, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க." அவர் பொறுக்கிற ஆள் இல்லை. சிவப்பு விளக்கிலேயே பொறுக்காதவர்.

அன்று மத்தியானம்தான் அளவக்கா பிளேடைக் கையில் எடுத்தாள்.

அவரிடம் இருந்தது மூன்று பேன்ட். மூன்றும் ஒரே அளவில் பொய் சொல்லியாக வேண்டும். ஒன்று உண்மை பேசினாலும் மற்ற இரண்டும் மாட்டிக்கொள்ளும். ஆகவே மூன்றையும் ஒரே நூல் தள்ளி, ஒரே நிற நூலில், ஒரே இழுவையில் தைத்து, மடித்து அலமாரியில் வைத்தாள். இவ்வளவு கவனமாக அவள் எந்த வாடிக்கையாளருக்கும் தைத்ததில்லை.

மறுநாள் காலை உள்ளறையிலிருந்து ஒரு கூச்சல். "ஏய்! இங்க வா! இங்க பாரு!"

பட்டன் போட்டு நின்றுகொண்டிருந்தார். பட்டிக்குள் கட்டைவிரலை விட்டு முன்னும் பின்னும் ஆட்டினார். வாயெல்லாம் பல்.

"போகுது பார்! விரல் போகுது!"

அளவக்கா குனிந்து பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். "ஆமாங்க, கொஞ்சம் விட்டிருக்கு" என்றாள். அதில் பொய்யே இல்லை. விட்டிருந்தது.

அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு தெரு கூடுதலாக நடந்துவிட்டு வந்தார். சாயங்காலம் பொரித்தது எதுவும் தொடவில்லை. அளவக்கா ராத்திரி தூங்கப் போகும்போது தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். டாக்டர் பேச்சு செய்யாததை ஒரு நூல் செய்துவிட்டதே என்று ஒரு குறும்புச் சிரிப்பு.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உற்சாகம் குறைகிற மாதிரி தெரிந்தபோதெல்லாம் இன்னும் ஒரு நூல் தள்ளினாள்.

பிரேக் சார் ஊருக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்தார். காரில் டாஷ்போர்டு மேல் ஒரு பாட்டில் சியாத் தண்ணீர் எப்போதும் நிற்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு கிளட்சைப் பற்றிச் சொல்வதைவிட விதையைப் பற்றி அதிகம் சொன்னார். "இது உள்ள போய் ஜெல்லா மாறும். கொழுப்பை அப்படியே கட்டிப்பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிடும். புரியுதா? இப்ப கியரை மாத்துங்க." ஒருநாள் ஒரு பெண் பயந்துபோய்ச் சட்டென்று பிரேக் போட, மூடாத பாட்டில் கவிழ்ந்து விதையெல்லாம் முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. வைப்பரைப் போட்டும் போகவில்லை. உள்பக்கம் இருப்பதை வைப்பர் எப்படித் துடைக்கும் என்று அந்தப் பெண்தான் கேட்டாள். "கேள்வி கேக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்றார் இவர், ரோடு தெரியாத கண்ணாடியைக் காட்டி.

விதை பார்த்துக்கொள்ளும் என்று ஆன பிறகு அவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? பொரித்தது திரும்ப வந்தது. ஒரு டம்ளர் விதைக்கு இரண்டு தட்டு சோறு. "மேல ஒரு கரண்டி விதை தூவிட்டேன், இனி இதுல கொழுப்பு இல்ல" என்று கேக்கைத் தின்றார். நடை ஒரு தெரு குறைந்தது, பிறகு பாதித் தெருவானது, பிறகு மளிகைக் கடைவரை போய் விதை வாங்கி வருவதோடு முடிந்தது.

எடை பார்க்கலாமே என்று மகள் போனில் கேட்டபோது, "எடை மிஷின் எதுக்கும்மா? வீட்டுல தையல் மிஷின் இருக்கு. உங்கம்மா தைச்ச பேன்ட் பொய் சொல்லுமா?" என்றார். பக்கத்தில் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அளவக்காவின் கை சற்று நின்றது.

இப்போது அவளுக்கு வேலை இரட்டிப்பானது. அவரை மகிழ்விக்க ஒரு நூல், உண்மையிலேயே ஏறுகிற சதைக்கு ஒரு நூல். தன் தாராள மனதுக்குத் தன்னையே பாராட்டிக்கொண்டு விட்ட உள்துணி கரைந்துகொண்டே வந்தது. மேசையில் விரித்து வைத்தால் பழைய தையல்களின் ஊசிக் கண்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கடைசித் தையல் துணியின் ஓரத்தை எட்டிவிட்டது. அதற்கு அப்பால் தள்ள இடமில்லை.

இனி என்ன செய்வது என்று யோசித்தபடி, மேலாக இருந்த பேன்ட்டின் பைகளை வழக்கப்படி துழாவினாள். எந்த உடையை மேசையில் போட்டாலும் முதலில் பையைப் பார்ப்பது தொழில் பழக்கம். சாவி, டீக்கடைச் சீட்டு, ஒரு கைக்குட்டை. அப்புறம் ஒரு மாத்திரை அட்டை. இதுவரை பார்க்காமல் எடுத்து வைத்ததுண்டு, இந்தத் தடவை திருப்பிப் பார்த்தாள். ஒரு குழிகூட உடைந்திருக்கவில்லை.

மற்ற இரண்டு பேன்ட்டின் பைகளிலும் அதே மாதிரி இரண்டு அட்டைகள். புது மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுக்கும்போதெல்லாம் வாங்கி, "கார்ல போய்ப் போட்டுக்கிறேன்" என்று பையில் போட்டுக்கொள்வார். பையோடு சரி.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் அட்டைகளை டீயோடு சேர்த்து முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

பிரேக் சார் டீயைத்தான் முதலில் எடுத்தார். "அது எனக்கு எதுக்கு இப்ப? உடம்பு குறைஞ்சுகிட்டு வருது. உடம்பு குறைஞ்சா அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சவன் அழுத்த மாத்திரை போட்டா என்ன ஆகும்? ரொம்பக் குறைஞ்சிடும்ல?"

"உடம்பு குறையுதுன்னு யார் சொன்னா?"

"நீதான் சொன்ன. 'விட்டிருக்கு'ன்னு." பட்டிக்குள் கட்டைவிரலை நுழைத்து ஆட்டிக் காட்டினார். "இது சொல்லுது. டாக்டரம்மா ஒரு நாள் பாத்தாங்க. இந்தப் பேன்ட் என்னை தினமும் பாக்குது."

இத்தனை நாளும் விளையாட்டாக ஒரு துணியைத்தான் தள்ளிக்கொண்டிருப்பதாக அளவக்கா நினைத்திருந்தாள். அவர் அந்தத் துணியை நம்பி மருந்தை விட்டுவிட்டார். மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் இப்போது கூடியிருந்தது. "விதை வேலை செய்யுது, அதான் மூச்சு வாங்குது" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரிந்த வழியில்தான் அவளுக்குப் புத்தி போனது. விட்டதால் வந்த வினைதானே, பிடித்தால் தீர்ந்துவிடும். இடுப்பு டைட்டானால் பயந்துபோய் மாத்திரையைத் தேடுவார். மறுநாள் மத்தியானக் குறட்டையில் மூன்று பேன்ட்டையும் எடுத்துப் பிரித்து, நூல் கணக்கெல்லாம் பார்க்காமல், இரண்டு விரல் உள்ளே தள்ளிப் பிடித்துத் தைத்தாள்.

விடிந்ததும் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை கூச்சல் இல்லை. திணறல்.

"ஏய்... பிடிக்குது... ரொம்பப் பிடிக்குதுடி..."

அளவக்காவின் கையில் இருந்த டம்ளர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. நெஞ்சு பிடிக்கிறது என்று சொல்கிற ஆளைப் பார்க்க ஓடுகிற ஓட்டம் ஓடினாள். "எங்கங்க? இடது பக்கமா? கைக்கு இழுக்குதா?"

அவர் பட்டன் துளையையும் பட்டனையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சு இல்லடி! பேன்ட்டு! இடுப்புல பிடிக்குது!"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள் அவள். காலம் முழுக்க வாடிக்கையாளரிடம் "பிடிச்சுத் தரேன், பிடிச்சுத் தரேன்" என்று சொல்லி வந்த சொல், அந்த ஒரு காலை அவளையே பிடித்து உலுக்கிவிட்டது. இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம், பயந்துவிட்டார், மாத்திரையைக் கேட்பார் என்று காத்திருந்தாள்.

பிரேக் சார் பயந்ததென்னவோ உண்மை. ஆனால் அவர் சந்தேகம் மாத்திரைப் பக்கம் போகவே இல்லை. வீட்டு அரைக்கால் சட்டையோடு நேராக மளிகைக் கடைக்குப் போனார். பின்னாலேயே அளவக்காவும் ஓடினாள்.

"யோவ், நீ எனக்கு என்ன விதை குடுத்த?"

மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்தார். "காலங்காத்தால என்ன சார்? சியா விதைதான் கேட்டீங்க, சியா விதைதான் குடுத்தேன்."

"பொய் சொல்லாத. நேத்து வரைக்கும் லூசு. இன்னைக்கு டைட்டு. ராத்திரியோட ராத்திரியா ஒருத்தனுக்கு எப்படிய்யா ரெண்டு விரல் ஏறும்? கடைசியா வாங்கினது சப்ஜா. அதைத்தான் நீ சியான்னு தலையில கட்டிட்ட."

கடைக்காரருக்கு மூக்கு விடைத்தது. இரண்டு டப்பாவையும் இறக்கி, ஒரு காகிதத்தில் இரண்டு குவியல் கொட்டினார். "கண்ணைத் திறந்து பாருங்க. இது சப்ஜா. கறுப்பு, ஒரே கறுப்பு. தண்ணியில போட்டா நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊதிடும். இது சியா. சாம்பல், வெள்ளை, நடுவுல கோடு கோடா புள்ளி. ஊற நேரம் எடுக்கும். இதுல எதை உங்களுக்குக் குடுத்தேன்?"

பிரேக் சார் சட்டைப் பையிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் கொட்டினார். சாம்பல், வெள்ளை, கோடு கோடாகப் புள்ளி.

"சரி," என்றார், குரலைக் குறைக்காமல். "அப்ப அளவு போதலை. ரெண்டு மடங்கு கட்டு."

"சார், இது விதை சார். வேலியா, ரெண்டு வரிசை போட?"

"கட்டுய்யா. முதல்ல விதையைச் சரி பண்றேன், இடுப்பு தானா சரியாகும். அதுவரைக்கும் மாத்திரை, டாக்டர்னு எவனும் என்கிட்ட பேசக்கூடாது." திரும்பி மனைவியைப் பார்த்தார். "உன்னையும் சேர்த்துத்தான்."

கடைக்காரர் அளவக்காவைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. என் விதையில என்ன குறை?"

அவர் விதையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் குறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். அளவக்கா புருஷனின் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். தம்பி, அந்த ரெண்டாவது பொட்டலத்தைக் கட்டாத."

முன்னறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். மூன்று பேன்ட்டையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி வெட்டு மேசையில் வரிசையாகப் போட்டாள். நடுத் தையலை விரல்களால் விரித்துப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. இது நான் முதல்ல தைச்சது." ஊசிக் கண்களின் ஒரு வரிசை. "இது நீங்க நடக்க மாட்டேன்னு உட்கார்ந்த அன்னைக்கு." ஒரு நூல் தள்ளி இன்னொரு வரிசை. "இது அடுத்தது. இது அதுக்கு அடுத்தது. இது கேக் தின்னது. இது கடைசி, இதுக்கு மேல துணி இல்ல. நேத்து பிடிச்சது இது."

வெளியே தெரிந்த பாகம் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் வாங்கின நாள் நிறத்தில், கறுகறுவென்று ஒரு பட்டையாக இருந்தது. பிரேக் சார் அந்தப் பட்டையின் மேல் விரல் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். அது எவ்வளவு அகலம் என்று அவர் கேட்கவில்லை.

"அப்ப விதை?"

"விதை பாவம். அது பாட்டுக்கு அது வேலையைப் பாத்துச்சு. நீங்க அதுக்கு மேல ரெண்டு தட்டு சோத்தை ஏத்தினீங்க, நான் துணியை விட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் கொன்னுட்டோம்."

"என் இடுப்பை நீ தைச்சிருக்க."

"உங்களை நடக்க வைக்கலாம்னு ஒரு நூல் விட்டேங்க. உங்களுக்கு மூஞ்சில சிரிப்பு வந்தது. அதைப் பாத்ததும் இன்னொரு நூல் விட்டேன். மாத்திரையை நிறுத்துவீங்கன்னு நான் கனவுலயும் நினைக்கல."

அவர் விரித்திருந்த தையலை மடித்து மூடினார். "ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். "கார்ல வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டு விதை வாங்கியிருக்காங்க தெரியுமா? இப்ப என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"அவங்க பேன்ட்டை நான் தைக்கல. அவங்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கும்."

சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியதில் கோபம் கூடியது. "உன்கூட நான் பேச மாட்டேன்."

"பேசாதீங்க. என் மேலதானே கோபம்? மாத்திரை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" அட்டையை நீட்டினாள். "இன்னைக்குக் காலையில பிடிக்குதுன்னீங்களே. நான் உள்ள ஓடி வர்றதுக்குள்ள நீங்க இல்லாத வீட்டை ஒரு தடவை பாத்துட்டேன். போடுங்க."

பிரேக் சார் அவளைப் பார்த்தார். அட்டையை வாங்கி, ஒரு குழியை உடைத்தார். தண்ணீருக்குச் சுற்றுமுற்றும் தேடினார். மேசையோரம் இருந்தது சியாத் தண்ணீர் டம்ளர் ஒன்றுதான். "அதுல வேண்டாங்க, நல்ல தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள்.

அவர் வேட்டியைக் கட்டிக்கொள்ள, அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனார்கள். அழுத்தம் பார்க்கிற பட்டை கையில் இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. டாக்டரம்மா இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தல. போடல."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இவ்வளவு ஏறியிருக்கு, உங்களுக்கு ஒண்ணும் தெரியல பாருங்க. அதுதான் இதுல ஆபத்து. தலைவலி குடுத்து, கதவைத் தட்டிட்டு இது வராது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உங்களைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க." பிறகு அளவக்கா பக்கம் திரும்பினார். "யாரும்மா இவருக்கு இடுப்பு குறையுதுன்னு சொன்னது?"

அளவக்கா வாயைத் திறப்பதற்குள் பிரேக் சார் முந்திக்கொண்டார். "பேன்ட்டு சொல்லுச்சு டாக்டர். பழைய பேன்ட்டு, லூசாயிடுச்சு. நான்தான் நம்பிட்டேன்." அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பின் வாரைப் பார்த்தாள்.

"அப்ப விதையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"ஏன் நிறுத்தணும்? மாத்திரை போட்டு, நடந்து, தட்டைக் குறைச்சு, அதோட விதையும் சாப்பிடுங்க. தனியா அதை மட்டும் வேலைக்கு அனுப்பாதீங்க."

வீடு திரும்பும் வழியில் பிரேக் சார் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். "எனக்குப் புதுசா ஒரு பேன்ட்டு தை. பழைய மூணையும் தூக்கிப் போடு. புதுசுல உள்ள துணியே விடாத. தையல் ஓரத்தோட வெட்டிடு."

அளவக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "துணி விடாமலா?"

"துணி இருந்தாத்தானே விடுவ? ரெடிமேட் மாதிரி தை."

ரெடிமேட் என்ற சொல்லை அவர் வேண்டுமென்றேதான் சொன்னார். அது அவளுக்கு எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். அவள் வேகமாக நடந்து வீடு வந்து சேர்ந்தாள். துணியை விரித்து, கத்தரியை எடுத்து, ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். கை வரவில்லை.

"முடியாதுங்க" என்றாள். "துணி விடாம எனக்குத் தைக்கத் தெரியாது. நீங்க குறைஞ்சா பிடிக்கிறதுக்குத் தையல் வேணும், தையல் நிக்கத் துணி வேணும். விட்டே தைக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே பிரிக்கிறதா இருந்தா உங்க எதிர்ல பிரிப்பேன், நீங்க முழிச்சிருக்கும்போது. நீங்க குறட்டை விடுறப்போ இந்த மிஷின் ஓடாது."

"குறட்டையா? நான் குறட்டை விடுவேனா?"

"அந்தச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். இங்க வந்து நில்லுங்க."

கண்ணாடிக்கு முன்னால் நிற்க வைத்து இடுப்பைச் சுற்றி டேப்பை வளைத்தாள். பிரேக் சார் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டினார். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது.

"மூச்சை விடுங்க."

தலையை ஆட்டினார். விட மாட்டாராம்.

அளவக்கா டேப்பின் இரண்டு முனைகளையும் விரலிடுக்கில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வாசலில் ஒரு சைக்கிள் போனது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அவளுக்கு அவசரமில்லை. எத்தனையோ வாடிக்கையாளர்களின் மூச்சுக்காகக் காத்திருந்து பழகியவள். அவர் முகம் சிவப்பிலிருந்து வேறு ஏதோ நிறத்துக்குப் போகத் தொடங்கியபோது, "டாக்டரம்மா திட்டுவாங்க" என்று மெல்லச் சொன்னாள். புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. வயிறு தன் இடத்துக்குத் திரும்பி டேப்பை நிரப்பியது.

"நீங்களே படிங்க" என்று டேப்பின் எண்ணை அவர் பக்கம் திருப்பினாள்.

படித்தார். முதலில் வாய்க்குள். பிறகு அவள் விடமாட்டாள் என்று தெரிந்து உரக்க.

அடுத்த நாள் முழுவதும் தைத்தாள். பின் தையலை அவர் சொன்ன எண்ணில், ஒரு நூல் கூடாமலும் குறையாமலும் ஓட்டினாள். உள்துணியின் ஓரத்தைப் பிசிறு போகாமல் சுற்றித் தைத்தாள். பட்டியில் கொக்கி வைத்து, கால் மடித்து, நடு மடிப்பு கத்தி மாதிரி நிற்க இஸ்திரி போட்டாள். பிரேக் சார் சாயங்காலம் வேலையிலிருந்து நடந்தே வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கையை நீட்டினார்.

அவள் உடனே கொடுக்கவில்லை. பேன்ட்டை உள்பக்கம் புரட்டி, நடுத் தையலை விரித்து, ஒரே ஒரு வரிசை ஊசிக் கண்கள் மட்டும் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தடவியும் பார்த்தார்.

"சரி. குடு."

திருப்பி, உதறி, இரண்டாக மடித்து அவர் கையில் வைத்தாள்.